மலைக்குப் போகும் மாதம் எது?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு மலை புதியதன்று. லயத்து வாசலில் நின்று பார்த்தால், பல தோட்டங்களில் தொலைவில் ஒரு மலை நீலமாகத் தெரியும். ஆனாலும் அந்த மலையின் உச்சி வரைக்கும் ஒரு நாள் ஏறிப் பார்ப்போம் என்ற எண்ணம் நம் பெற்றோருக்கு அதிகம் எழுந்ததில்லை. பகலெல்லாம் உழைத்த உடம்புக்கு ஓய்வு கிடைத்தால் போதும் என்றிருந்த காலம் அது. இன்று நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்தும், இளைஞர் மன்றங்களிலிருந்தும், வேலை செய்யும் ஆலைகளிலிருந்தும் கூட்டமாக மலையேறப் போகிறார்கள். சில வீடுகளில் தாய், தந்தை, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்தே போகிறார்கள். நல்ல காரியம். உடம்புக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

அப்படிப் போகத் திட்டமிடும்போது நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "எப்போது லீவு?" என்று கேட்கிறோம். பள்ளி விடுமுறை எப்போது, வேலையில் விடுப்பு எப்போது, வாடகைக்கு வேன் எந்த நாளில் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிறோம். அவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நாம் போகும் மலைக்கு மழைக்காலம் எது, வறண்ட காலம் எது என்பதே அது. நாம் விடுமுறையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். மழையோ நம் விடுமுறையைப் பார்த்துப் பெய்வதில்லை. இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பருவத்தைக் கணிப்பது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. பால்மரம் வெட்டியவர்கள் விடிவதற்கு முன் எழுந்து வானத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். மரப்பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் சம்பளத்தில் குறைவு. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையை உதிர்த்து, மொட்டையாக நின்று, பிறகு தளிர் விடும். அந்தக் காலத்தில் பாலும் குறையும், மழையும் குறையும். காய்ந்த இலை காலடியில் சரசரக்கும். இப்போது பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மில் பலர் தோட்டத்தை விட்டே நகர்ந்துவிட்டோம். எனினும் அந்தப் பழைய அறிவு நம்மை விட்டுப் போக வேண்டியதில்லை. மலையேறுவதற்கும் அதுவே அடிப்படை.

இனி, நம் நாட்டின் மழை எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

தீபகற்ப மலேசியாவின் நடுவில், வடக்கிலிருந்து தெற்காகத் தீத்திவங்சா மலைத்தொடர் ஓடுகிறது. வீட்டின் நடுச்சுவர் போல அது நாட்டைக் கிழக்கு என்றும் மேற்கு என்றும் பிரிக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அது தென்சீனக் கடலைக் கடந்து வருவதால் ஈரத்தைச் சுமந்து வருகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களின் மேல் அந்த ஈரத்தைக் கொட்டுகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானிலும் மற்ற மாநிலங்களிலும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்த பெருவெள்ளத்தை நாம் மறக்க முடியாது. அது இந்தக் காற்றின் காலத்தில் வந்த வெள்ளமே.

மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அதற்கு எதிரே சுமத்திராத் தீவின் உயர்ந்த மலைகள் நிற்கின்றன. காற்று தன் ஈரத்தில் பெரும் பங்கை அங்கே இறக்கிவிட்டு வருகிறது. ஆகவே நமக்கு அது பெரும்பாலும் மழை குறைந்த காலம். இந்த இரண்டு காற்றுகளுக்கும் இடையில், ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் காற்று அடங்கி நிற்கும். காலையில் வெயில் சுட்டெரிக்கும். பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டும்.

நேயர்களே, காற்றின் பெயர்களை நினைவில் வைப்பது கடினமாக இருந்தால் நம் பண்டிகைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்த வாசலுக்கு வந்தால் மழை துரத்தும். ஐப்பசியில் அடைமழை என்று பெரியவர்கள் சொன்னது மேற்குக் கரையில் வாழும் நமக்கும் பொருந்துகிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களுக்குத் தார்ச் சாலை காலைச் சுடும். தண்ணீர்ப் பந்தல் இல்லாமல் முடியாது. சித்திரைப் புத்தாண்டு நாளில் காலையில் கோயிலுக்குப் போகலாம். மாலையில் குடை வேண்டியிருக்கும். ஆக, மேற்குக் கரையில் மலையேற நல்ல காலம் இரண்டு. தைப்பூசத்தை ஒட்டித் தொடங்கி மார்ச் வரை ஒன்று. ஆனி, ஆடியில், அதாவது ஜூன், ஜூலையில் மற்றொன்று. இது பொதுக் கணக்கு. ஆனால் ஒவ்வொரு மலைக்கும் தனிக் கணக்கும் உண்டு.

முதலில் குனோங் தகானை எடுத்துக்கொள்வோம். தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலை இது. உயரம் 2,187 மீட்டர். தாமான் நெகாரா என்னும் தேசியப் பூங்காவின் உள்ளே இருக்கிறது. கோலத் தகானிலிருந்து போகும் பழைய பாதையில் ஆற்றைப் பல முறை இறங்கிக் கடக்க வேண்டும். பல நாள் பயணம். நாட்டின் கிழக்குப் பக்கத்து மழை இந்த மலைக்கும் உரியது. ஆகவே ஆண்டுக் கடைசியில் மழை மிகும்போது, நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும், இந்த மலைப் பாதையை மூடிவிடுவது வழக்கம். போகும்போது முழங்கால் அளவு இருந்த ஆறு, திரும்பும்போது கழுத்தளவு இருந்தால் என்ன செய்வது? அக்கரையில் அகப்பட்டுக்கொண்டு, கொண்டுபோன அரிசி தீர்ந்து போக, நீர் வடியக் காத்திருக்க வேண்டியதுதான். தகானுக்குப் போக விரும்புவோர் மார்ச் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களைப் பார்ப்பதே நல்லது.

அடுத்து, கெடாவின் குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். கடலுக்கு அருகில் தனித்து நிற்பதால் கப்பலில் வருவோர்க்குத் தொலைவிலேயே தெரியும் மலை இது. இதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன. நம் இலக்கியமும் கல்வெட்டும் சொல்லும் கடாரம் இந்தப் பகுதியே. குரூண் பக்கத்திலிருந்து மேலே போக வண்டிச் சாலையும் உண்டு. அடிவாரத்தில் அருவிகளும் உண்டு. குடும்பத்தோடு போவோர் மிகுதி.

தென்மேற்குக் காற்றின் காலம் வறண்ட காலம் என்று சற்று முன் சொன்னோம். கெடாவில் அந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. கெடாவிலும் பெர்லிசிலும் உண்மையான வறண்ட காலம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே. ஆகஸ்டிலேயே அங்கு மழை வலுக்கத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் மிகும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலைமேல் பெருமழை பெய்தது. மலையிலிருந்து நீரும் சேறும் வேரோடு பெயர்ந்த மரங்களும் ஒன்றாகப் புரண்டு யான், மெர்போக் பகுதிகளில் இறங்கின. ஆறு பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 4ஆம் நாள், பாலிங் வட்டாரத்தில் குனோங் ஈனாஸ் பக்கமிருந்து இறங்கிய வெள்ளத்தில் மூவர் மாண்டனர். ஜூலை என்றால் ஆனி மாதம். நாம் நல்ல மாதம் என்று சொல்லும் மாதம்தான்.

பேராக் மாநிலத்திலும் இப்படி ஒரு துயரம் நடந்ததுண்டு. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் என்னும் பூர்வகுடி மக்கள் ஊரில் சேற்று வெள்ளம் புகுந்து 44 பேரைக் கொண்டுபோயிற்று. மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது ஆபத்தைக் குறைக்கிறது, அடியோடு நீக்குவதில்லை. இதை மறவாதிருப்போமாக.

மூன்றாவதாக, ஜொகூரின் குனோங் லேடாங். உயரம் 1,276 மீட்டர். இளவரசி ஒருத்தி வாழ்ந்ததாக மலாய்க்காரர்கள் கதை சொல்லும் மலை. தங்காக், சிகாமட், மூவார் பக்கத் தோட்ட மக்களுக்கு நன்கு தெரிந்த மலை. இது மேற்குக் கரையைச் சேர்ந்ததுதானே, டிசம்பரில் போகலாமே என்று சிலர் எண்ணுவர். இங்குதான் நடுச்சுவரை நினைக்க வேண்டும். தீத்திவங்சாத் தொடர் நெகிரி செம்பிலானோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே சுவர் இல்லை. வடகிழக்குக் காற்று தடையின்றி உள்ளே வருகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட் நீரில் மூழ்கியதற்கு இது ஒரு காரணம். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில்கூட ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. ஆகவே லேடாங்குக்கு ஆண்டுக் கடைசியும் ஆண்டுத் தொடக்கமும் ஏற்றவை அல்ல. ஜூன், ஜூலை மாதங்களே ஏற்றவை.

ஆனால் அந்த மாதங்களுக்கும் ஒரு குறை உண்டு; அது புகைமூட்டம். 2013ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டியது. மூவார், லேடாங் மாவட்டங்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மழை இல்லாத காலத்தில் காடும் கரிமண் நிலமும் எரிவதால் வரும் கேடு இது. புகைமூட்டம் கண்ட நாளில் மலையேறினால் உச்சியிலிருந்து ஒன்றும் தெரியாது. அதைவிட, மேல்மூச்சு வாங்கி ஏறும்போது அந்தப் புகையை இரட்டிப்பாக உள்ளே இழுப்போம். இளைப்பு நோய் உள்ள பிள்ளைகளை அந்த நாளில் கூட்டிப் போகவே கூடாது.

வறண்ட காலத்தின் இன்னொரு தொல்லை வெப்பம். பெர்லிசின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் வெப்பம் 40.1 பாகை செல்சியஸ் வரை ஏறியது. அத்தகைய நாள்களில் சிற்றோடைகளும் வற்றிவிடும். வழியில் குடித்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாமல், வேண்டிய நீரைச் சுமந்து செல்ல வேண்டும்.

சபாவின் கினபாலு மலையைப் பற்றியும் ஒரு சொல். 4,095 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு நம் இளைஞர்கள் பணம் சேர்த்து வைத்துப் போய் வருகிறார்கள். அங்கு மழை குறைந்த காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தாம் என்று கட்டுப்பாடு இருப்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிந்துகொள்ள வேண்டும். பதிந்த நாளில் மழை பெய்தால் உச்சிக்கு விடமாட்டார்கள். வழவழப்பான பாறை நனைந்தால் கால் நிற்காது. அங்கே "செலவழித்த பணம் வீணாகிறதே" என்று வழிகாட்டியிடம் வாதாடாமல் இறங்கி வருவதே அறிவுடைமை.

நேயர்களே, இப்போது நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை டிசம்பரில் வருகிறது. பிள்ளைகள் எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறார்கள். டிசம்பரில் மலைப்பக்கம் போனால் என்ன? 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன், சிலாங்கூரின் பத்தாங்காலி அருகே, மலையடிவாரத்தில் கூடாரமடித்துத் தூங்கியவர்கள் மேல் நிலம் சரிந்தது. 31 பேர் மாண்டனர். அவர்களில் பிள்ளைகளும் இருந்தனர். அவர்களும் நம்மைப் போலப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்று மகிழ்ச்சியாக வந்தவர்கள்தாம்.

நிலச்சரிவு அன்றைய மழையால் மட்டும் வருவதில்லை. நாள் கணக்கில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி ஊறி நிற்கும். மண் கனத்துப் பிடிப்பு தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் வானம் வெளுத்திருந்தாலும் சரிவு நேரலாம். ஆகவே நாம் போகும் நாளின் வானத்தை மட்டும் பாராமல், அதற்கு முந்திய இரண்டு மூன்று வாரங்கள் அங்கு எவ்வளவு மழை பெய்தது என்றும் விசாரிக்க வேண்டும். டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேறு இடங்கள் உண்டு. அருங்காட்சியகம் உண்டு, உறவினர் வீடு உண்டு. மலையை மாசி மாதத்துச் சனி ஞாயிறுக்கு ஒத்திவைப்போம். மலை அங்கேயேதான் இருக்கும்.

சரியான மாதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். இனி அந்த நாளுக்குரிய சில முறைகளைச் சொல்கிறோம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, முறையான அனுமதி. வனக்காப்பகங்களுக்குள் உள்ள மலைகளில் ஏறுவதற்கு மாநில வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டும். பல மலைகளுக்கு வழிகாட்டியும் கட்டாயம். அனுமதி பெற்றவர் இத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள் என்ற கணக்கு அலுவலகத்தில் இருக்கும். தேட வேண்டி வந்தால் அந்தக் கணக்குதான் உயிர் காக்கும்.

இரண்டாவது, வானிலை அறிக்கை. மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சள் என்றாலே மலைப் பயணத்தை நிறுத்திவிடுங்கள். சிவப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, நேரம். நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். ஆகவே விடிந்ததும் ஏறத் தொடங்கி, பிற்பகல் இரண்டு மணிக்குள் இறங்கிவிடும் அளவுக்கே ஒரு நாள் பயணத்தை வகுக்க வேண்டும். தென்மேற்குக் காற்றின் காலத்தில் மேற்குக் கரையில் விடியற்காலையில் திடீரென்று பலத்த காற்றும் மழையும் அடிப்பதுண்டு. சுமத்திராப் பக்கமிருந்து வரும் காற்று அது. பால் வெட்டியவர்கள் அதை நன்கறிவர். பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அது ஓய்ந்து, ஓடைகளின் நீர் இறங்கிய பின் புறப்படுங்கள்.

நான்காவது, ஓடையைக் கவனித்தல். மலாய் மொழியில் "கெப்பாலா ஆயர்" என்பார்கள். மேலே மலையில் மழை கொட்ட, கீழே அருவியில் குளிப்பவர்க்கு வெயிலாகவே இருக்கும். திடீரென்று நீர் சுவர் போல இறங்கும். அதற்கு முன் சில அறிகுறிகள் தெரியும். தெளிந்த நீர் கலங்கும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். நீர்மட்டம் ஏறும். மேலே இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பு, சட்டை, சோற்றுப்பாத்திரம் எதையும் எடுக்க நில்லாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆற்றின் போக்கிலேயே ஓடக் கூடாது.

ஐந்தாவது, குளிருக்கு முன்னேற்பாடு. நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். லேடாங் உச்சியில் அடிவாரத்தைவிட ஏழெட்டுப் பாகை குறைவாக இருக்கும். வெயிலில் அது சுகம். மழையில் நனைந்து காற்றும் அடித்தால் உடம்பு விறைக்கும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துச் செல்வது அவசியம்.

ஆறாவது, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குறித்த நேரம் கடந்தும் தகவல் இல்லையென்றால் அவர் 999க்கு அழைக்கட்டும்.

இறுதியாக, நாம் சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம். கெடா, பெர்லிஸ் மலைகளுக்கு ஜனவரி, பிப்ரவரி. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மலைகளுக்குப் பிப்ரவரி, மார்ச், அல்லது ஜூன், ஜூலை. ஜொகூரின் லேடாங்குக்கு ஜூன், ஜூலை, புகைமூட்டம் இல்லாதபோது. தகானுக்கு மார்ச் முதல் ஆகஸ்டு வரை. கினபாலுவுக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. எந்த மாதமானாலும், போகும் நாளின் எச்சரிக்கையே இறுதித் தீர்ப்பு.

வேனுக்குக் கொடுத்த முன்பணம் போய்விடும், கட்டிய சோறு வீணாகும், பிள்ளைகள் முகம் வாடும் என்பதற்காக நாம் பயணத்தை நிறுத்தத் தயங்குகிறோம். முன்பணத்தை அடுத்த மாதச் சம்பளத்தில் ஈடு செய்துவிடலாம். கட்டிய சோற்றைக் கோயில் மரத்தடியில் உட்கார்ந்து எல்லாருமாகச் சாப்பிடலாம். ஏறப் போன அத்தனை பேரும் மாலையில் வீடு வந்து சேர்வதுதான் நல்ல பயணம். அதற்கு ஏற்ற மாதத்தையும் நாளையும் தேர்ந்தெடுப்போம்.